அந்தக் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்: காட்சித் தொடர்பியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், காட்சித் தொடர்பியல் துறை ஆசிரியர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் துறை நடத்திய போர்க்கால விளம்பரக் கண்காட்சியில், இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களின் அமெரிக்க விளம்பரங்கள் நான்கிற்கு நடுவே, 1999 பிப்ரவரியில் லடாக்கின் லே நகரிலிருந்து நான் என் மனைவிக்கு எழுதிய இன்லேண்ட் கடிதத்தின் ஆறு வரிகள் பெரிதாக்கி ஒட்டப்பட்டிருந்தன. அவற்றின் கீழே "உணர்வு மூலப்பொருள்: படைவீரரின் வீட்டு ஏக்கம்" என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். கடிதத்தை உங்களிடம் கொடுத்தவள் உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவியான என் மகள்தான். பழைய கையெழுத்துகளும் அஞ்சல் உறைகளும் காட்சிக்கு வைக்கப்படும் என்று கேட்டதால், தன் தாயிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து கொடுத்தாள். எழுதியவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே பலகையின் ஓரத்தில் மாணவர்களுக்கான போட்டி அறிவிப்பும் இருந்தது. நொறுக்குத்தீனி நிறுவனம் ஒன்றின் ஆதரவில், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வெளியிடுவதற்காக, எல்லையில் நிற்கும் வீரன் வீட்டை நினைத்து ஏங்குவதை நாற்பது வினாடிகளில் காட்டி, முடிவில் அந்த நிறுவனத்தின் பொட்டலத்தை அவன் கையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே போட்டி. இதைப் பற்றி நான் துறை அலுவலகத்துக்கு எழுதியதற்கு, அந்த நான்கு விளம்பரங்களும் விளம்பரக் கலையின் மிக உயர்ந்த சாதனைகள் என்றும், என் கடிதத்தை அவற்றின் அருகில் வைத்தது எனக்குச் செய்த பெருமை என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, விருப்பம் கொடுத்து ராணுவ அஞ்சல் பணிக்குப் போனவன். காம்ப்டியில் பயிற்சி முடித்த பிறகு மூன்று இடங்களில் பீல்டு போஸ்ட் ஆபீஸில் இருந்தேன். அவற்றில் கடைசி இடம் லே. நான் துப்பாக்கி பிடித்துப் போரிட்டவன் அல்லன், அப்படி ஒரு பெருமையை இங்கே கடன் வாங்கவும் மாட்டேன். ஆனால் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரியிட்டு ஊரிலிருந்து வரும் ஏக்கத்தையும், மலையிலிருந்து ஊருக்குப் போகும் ஏக்கத்தையும் எடை போட்டு, பைகளில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பியவன். சோஜி லா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் விமானம் ஒன்றுதான் வழி. வானம் தெளியாமல் விமானம் இறங்காத வாரங்களில், தபால் இல்லை என்று தெரிந்தும் தினமும் வந்து சன்னலில் நின்றுவிட்டுப் போகிறவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் பலகையில் இருந்த பொருளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கண்காட்சியின் குறிப்பட்டையில் இருந்த ஒரு சொல்லைப் பற்றி. 'நாஸ்டால்ஜியா' என்பதற்கு "இனிய நினைவேக்கம்" என்று தமிழ் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை 1688-இல் உருவாக்கியவர் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், சொந்த ஊரைப் பிரிந்தவர்கள் உண்ணாமல் உறங்காமல் மெலிந்துபோகும் நோய்க்கு அவர் அந்தப் பெயரை வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, வடதரப்புப் படையின் மருத்துவர்கள் தம் பதிவேடுகளில் இந்த நோயை ஐயாயிரம் தடவைக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். அதனால் இறந்ததாகக் குறிக்கப்பட்டவர்களும் உண்டு. அதில் 'இனிய' என்ற அடைமொழியைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்த வியாபாரிகள்.

நான்கு விளம்பரங்களில் சிறந்தது எதுவென்று என்னைக் கேட்டால் நானும் ரயில் நிறுவன விளம்பரத்தைத்தான் சொல்வேன். 1942 நவம்பரில் நியூ ஹேவன் ரயில் நிறுவனத்துக்காக நெல்சன் மெட்காஃப் எழுதியது அது. அதிகாலை 3.42 மணிக்குப் படையினரை ஏற்றிச் செல்லும் ரயில் ஒன்றில், கீழ் பெர்த்தில் இருவர் இருவராகவும் மேல் பெர்த்தில் ஒருவராகவும் எல்லோரும் படுத்திருக்க, நான்காம் எண் மேல் பெர்த்தில் ஒரு பையன் மட்டும் விழித்திருக்கிறான். அவன் எண்ணத்தில் ஹாம்பர்கரும் சோடாவும், தான் ஓட்டிய கார், வளர்த்த நாய், அடிக்கடி கடிதம் போடும் பெண், பெருமையையும் தவிப்பையும் மறைக்கத் தெரியாத தந்தை, காலுறை பின்னிக் கொடுத்த தாய் எல்லாரும் வந்து போகிறார்கள். தொண்டை அடைக்கிறது; அழுதாலும் இருட்டில் யாருக்கும் தெரியாது என்று விளம்பரமே அவனுக்கு ஆறுதல் சொல்கிறது. படித்தபோது என் கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் அந்த விளம்பரம் எதற்காக எழுதப்பட்டது என்பதை உங்கள் குறிப்பட்டை ஒரு சொல்லில்கூடச் சொல்லவில்லை. ரயில்களில் நெரிசல், உட்கார இடமில்லை, உணவுப் பெட்டியில் வரிசை என்று பயணிகளிடமிருந்து புகார்கள் குவிந்துகொண்டிருந்தன. படிக்கிற எவருக்கும் இனிமேல் புகார் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று எழுதியவரே சொல்லியிருக்கிறார். நோக்கம் நிறைவேறியது. அந்தப் பையனின் கண்ணீர் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பெட்டிக்குப் பூட்டாகப் பயன்பட்டது. போர்க்காலத்தில் பொறுத்துப்போகச் சொன்னது தவறா என்று கேட்பீர்கள். பொறுத்துப்போகச் சொல்வதில் தவறில்லை. அதைத் தன் பெயரில் சொல்லாமல், உறங்காத ஒரு பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது நாஷ் கெல்வினேட்டர். நாஷ் கார்களும் கெல்வினேட்டர் குளிர்பதனப் பெட்டிகளும் செய்த நிறுவனம் அது. அதன் விளம்பரங்களில் போர்முனையில் இருக்கும் ஒருவன் தன்மையில் பேசுகிறான். ஊரை நினைக்கிறான், காத்திருப்பவளை நினைக்கிறான், திரும்பி வந்து அமைக்கப்போகும் வீட்டைக் கற்பனை செய்கிறான். "காலத்தை வென்ற விற்பனை உத்தி" என்பது உங்கள் குறிப்பு. ஆனால் அந்த ஆண்டுகளில் அந்த நிறுவனத்திடம் விற்பதற்குப் பொருளே இல்லை. பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 பிப்ரவரியிலேயே அமெரிக்காவில் நிறுத்தப்பட்டுவிட்டது; நாஷ் தொழிற்சாலைகள் விமான எஞ்சின்களும் விமானச் சுழலிகளும் செய்துகொண்டிருந்தன.

விற்கப் பொருள் இல்லாதவர்கள் இதழ் இதழாக முழுப்பக்க வண்ண விளம்பரம் எப்படிப் போட்டார்கள் என்ற கேள்வியை ஒரு மாணவராவது கேட்டிருக்க வேண்டும். விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. போரால் கிடைத்த மிகை லாபத்தின்மீது 1942-இல் 90 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே நேரத்தில், நியாயமான அளவிலான விளம்பரச் செலவை வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று கருவூலத் துறை ஒப்புக்கொண்டது. அப்படியானால், மிகை லாபத்திலிருந்து ஒரு டாலருக்கு விளம்பரம் போட்டால், நிறுவனத்தின் சொந்தப் பை இழப்பது பத்து சென்ட் அளவுதான். மிச்சம் அரசுக்கு வரியாகப் போயிருக்க வேண்டிய பணம். அந்த வரிப் பணத்தில்தான் அந்தப் படைவீரனுக்குச் சம்பளமும் கம்பளியும் வர வேண்டும். அவனுடைய ஏக்கத்தை வரைந்து, அவனுக்குச் சேர வேண்டிய காசில் அச்சடித்து, போருக்குப் பிறகு அவனிடமே விற்கப்போகும் காருக்கு அவன் மனத்தில் முன்கூட்டியே இடம்பிடித்து வைத்தார்கள். விமானப் பாகமும் ராணுவத் தளவாடமும் செய்த எத்தனையோ நிறுவனங்கள் இதே வழியில் போயின. மேசைக் கரண்டிகள் செய்த ஒனைடா நிறுவனத்துக்காக ஜான் விட்கோம் வரைந்த, சீருடையோடு வீடு திரும்பிய காதலனை அணைத்து நிற்கும் பெண்களின் படங்களும் அந்த வகையே. கரண்டி கடையில் கிடைக்காத காலத்தில் பெண்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

கோகோ கோலாவின் கதை சற்று வேறு, ஏனென்றால் அவர்களிடம் பொருள் இருந்தது. சீருடை அணிந்த ஒவ்வொருவருக்கும், அவர் எங்கே இருந்தாலும், நிறுவனத்துக்கு என்ன செலவானாலும், ஒரு புட்டி 5 சென்ட்டுக்குக் கிடைக்கும் என்று நிறுவனத் தலைவர் ராபர்ட் வுட்ரஃப் அறிவித்தார். உங்கள் பலகை இதைத் தேசபக்தி என்று வருணித்து நிறுத்திக்கொண்டது. 1942-இல் அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தபோது, படையினருக்கு விற்கும் பானத்துக்கான சர்க்கரை அந்த வரம்பிலிருந்து விலக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் படம் முழுமையாகியிருக்கும். 1943 ஜூன் 29 அன்று வட ஆப்பிரிக்காவிலிருந்த நேச நாட்டுத் தளபதி ஐசனோவரின் தலைமையகம் 30 லட்சம் நிரப்பிய புட்டிகளும் பத்துப் புட்டியடைப்பு நிலையங்களுக்கான சாதனங்களும் கேட்டுத் தந்தி அனுப்பியது. போர் முடிவதற்குள் இப்படி 64 நிலையங்கள் கடல் கடந்தன. நிறுவனத்தின் ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் 'தொழில்நுட்பப் பார்வையாளர்' என்ற பெயரில் ராணுவச் சீருடையிலேயே உலாவினார்கள். படையினர் அவர்களை 'கோகோ கோலா கர்னல்கள்' என்று கேலி செய்தார்கள். குடித்துத் தீர்த்த புட்டிகள் 500 கோடிக்கு மேல். விளம்பரங்களோ எந்தத் தீவுக்குப் போனாலும் அந்தப் புட்டியைத் திறந்தால் சொந்த ஊர் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. இதே காலத்தில் ஜெர்மனியில் அந்த நிறுவனத்தின் கிளை, மூலச்சாறு வராமல் போனதால், ஃபான்டா என்ற புதிய பானத்தைக் காய்ச்சி அங்குள்ளவர்களுக்கு விற்றது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகவாவது போட்டிருக்கலாம்.

அந்தப் புட்டியைக் கையில் வாங்கிய படைவீரனின் மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. லேயில் என்னோடு இருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயை மூன்று மாதம் வைத்துத் தின்றார். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவைத்த நாட்களே அதிகம். பொருளுக்கு அந்தச் சக்தி உண்டு. அந்த ஊறுகாயை அவருடைய அம்மா போட்டார், நாங்கள் தபாலில் கொண்டுவந்து கொடுத்தோம், அவர் தின்றார். அந்த மூவருக்கு நடுவே அவருடைய ஏக்கத்தை அளந்து பார்த்த நான்காவது ஆள் ஒருவர் இருக்கவில்லை.

விளம்பரங்களில் வரும் 'ஊர்' யாருடையது என்பதையும் உங்கள் கண்காட்சி கேட்கவில்லை. நாஷ் விளம்பரத்து வீரன், நான் விட்டுவந்த அமெரிக்காவை அப்படியே வைத்திருங்கள், எதையும் மாற்றிவிடாதீர்கள் என்று வேண்டுகிறான். அரசு வணிகத்தில் தலையிடக் கூடாது என்ற முதலாளிகளின் அன்றைய அரசியல்தான் வீரனின் வாயில் ஏக்கமாக ஏற்றப்பட்டது. அதே 1942-இல், ஜனவரி 31 அன்று, பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் செய்தித்தாளில் ஒரு கடிதம் வெளிவந்தது. விச்சிட்டா நகரில் ஒரு விமானத் தொழிற்சாலையின் உணவகத்தில் வேலை செய்த ஜேம்ஸ் தாம்ப்ஸன் என்ற 26 வயது இளைஞர் எழுதியது. அரை அமெரிக்கனாக வாழ்வதற்காகவா நான் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வெளியே வெற்றி, உள்ளேயும் வெற்றி என்ற இரட்டை வெற்றி இயக்கம் அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தது. கறுப்பின வீரர்கள் தனிப் பிரிவுகளில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். படையில் அந்தப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948-இல்தான். விட்டுவந்ததை அப்படியே வைத்திருங்கள் என்ற வாசகத்தை அவர்களில் ஒருவர் எப்படிப் படித்திருப்பார்? ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் 442-ஆம் படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டை நினைத்தபோது நினைவுக்கு வந்தது முள்வேலி. அந்த ஏக்கத்துக்குப் பொருத்தமான குளிர்பதனப் பெட்டி எந்தப் பக்கத்திலும் வரையப்படவில்லை.

படைவீரர்கள் இந்த விளம்பரங்களை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் உங்கள் கண்காட்சியில் இடமில்லை. ஜெர்மனியின் புதிய ஃபோக்கே வுல்ஃப் போர் விமானத்தைக் கண்டு யாருக்குப் பயம் என்று சவடாலாகக் கேட்ட ஒரு விளம்பரத்தை, இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானத் தளம் ஒன்றில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எங்களுக்குத்தான் என்று பெரிதாக எழுதி, பறக்கும் அதிகாரிகள் எல்லோரும் தளபதி உட்படக் கையெழுத்திட்டார்கள். நான்கு விளம்பரங்களோடு ஐந்தாவதாக அந்தத் தாளின் கதையை நீங்கள் வைத்திருந்தால், என் கடிதத்தை வைத்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன்.

இனி என் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒட்டிய ஆறு வரிகளில், கிணற்றடி முருங்கை காய்த்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். மூத்தவன் முன்பல் விழுந்து சிரிக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ராத்திரியில் புளிக்குழம்பின் வாசனை எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன். ஏழாவது வரியிலிருந்து வெட்டிவிட்டீர்கள். அங்கே, டிசம்பரில் அனுப்பிய மணியார்டர் இன்னும் ஏன் வரவில்லை என்ற கேள்வி இருக்கிறது, அதுவும் தபால்காரனே கேட்கும் கேள்வி. போர்வெல் போட வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாயிற்றா, என் அண்ணன் பாகம் பிரிக்க அவசரப்படுத்துகிறானா என்ற விசாரிப்பு இருக்கிறது. கடைசியில், இங்கே எனக்கு மனது சரியில்லை, தூக்கம் வருவதில்லை, டாக்டரிடம் போனால் பதிவில் ஏறிவிடும் என்று போகாமல் இருக்கிறேன் என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. என் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத செய்தியை இப்போது பொதுவில் எழுத வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது உங்கள் பலகை.

நான் கையாண்ட ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் அல்லன். ஆனால் எழுதத் தெரியாதவர்களுக்கும் கை விறைத்தவர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வந்ததைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவற்றில் அம்மாவின் புன்னகையும் மண்வாசனையும் முதல் நான்கு வரிக்குள் முடிந்துவிடும். பிறகு வருவதெல்லாம் அடகு, காய்ச்சல், வரப்புத் தகராறு, பெண் பார்த்த இடம் தட்டிப்போனது, லீவு எப்போது என்பது. அந்தக் காலத்தில் லீவு கிடைக்க "அம்மா சீரியஸ், உடனே புறப்படு" என்று ஊரிலிருந்து தந்தி வரும். எத்தனை அம்மாக்கள் எத்தனை முறை சாகக் கிடந்தார்கள் என்று எங்கள் பீல்டு போஸ்ட் ஆபீஸில் ஒரு கணக்கே உண்டு, அதிகாரிகளுக்கும் அது தெரியும். வீட்டு ஏக்கம் என்பது வீட்டில் நடப்பதற்குத் தான் அங்கே இல்லையே என்ற பதைப்பு. மணத்தையும் சுவையையும் மட்டும் கத்தரித்து எடுத்தால் மீதி இருப்பது ஒரு பொட்டலத்தோடு பொருந்தும். பதைப்பையும் சேர்த்து வைத்தால் எந்தப் பொட்டலமும் அதோடு பொருந்தாது. அதனால்தான் ஏழாவது வரியை வெட்டினீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று குற்றம் சாட்டவில்லை; நல்ல விளம்பரக்காரரின் கை தானாகவே அந்த இடத்தில் போய் நிற்கும், 1942-இலும் அங்கேதான் நின்றது.

முல்லைத்திணைப் பாடல்களில் பாசறையில் இருக்கும் தலைவனும் ஏங்குகிறான். கார்காலம் வந்துவிட்டது, தேரை விரைந்து செலுத்து என்று பாகனிடம் சொல்கிறான். அங்கே அவன் கேட்பது ஒன்றே, வீடு போய்ச் சேர்வது. உங்கள் நான்கு விளம்பரங்களிலும் ஒருவன்கூட என்னை இப்போதே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? போர் முடியட்டும், வெற்றி வரட்டும், பிறகு வருகிறேன் என்கிறான். வராமலே போனவர்கள் விளம்பரத்தில் இல்லை. அந்தப் போரில் இறந்த அமெரிக்கப் படையினர் நான்கு லட்சம் பேர். அவர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் 'இறந்துவிட்டார்' என்ற முத்திரையோடு அனுப்பியவரிடமே திரும்பின. கார்கில் போர் நடந்த 1999 ஜூலையில் அத்தகைய இன்லேண்ட் கடிதங்கள் என் மேசைக்கும் வந்தன. ஒன்றின் பின்பக்கத்தில், மடிப்பில் ஒட்டிய இடத்தில், குழந்தை ஒன்று பென்சிலால் பூனை வரைந்திருந்தது. அதை யூனிட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கான பதிவை எழுதியது நான்தான்.

படைவீரனின் கடிதம் ஒருநாளும் முழுக்க அவனுடையதாக இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியப் படையினரின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. அது தெரிந்தவர்கள், கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகு கொஞ்சம்தான் செலவாகிறது என்று மறைபொருளில் எழுதினார்கள்; கறுப்பு மிளகு இந்தியர், சிவப்பு மிளகு வெள்ளையர். இரண்டாம் போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். அவர்களுடைய முகாம்களுக்குத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியத்தின் வண்டிகள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கின. போர்க்கால விளம்பரம் என்று தலைப்பிட்டு நம் ஊரில் நடத்திய கண்காட்சியில் இவர்களைப் பற்றி ஒரு பலகைகூட இல்லாமல், இந்தியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே ஆவணமாக என் ஆறு வரிகள் மட்டும் இருந்தது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் கடிதத்தின் பகுதியைப் பலகையிலிருந்தும், துறையின் படத் தொகுப்பிலிருந்தும், போட்டியாளர்களுக்குக் கொடுத்த குறிப்புகளிலிருந்தும் உடனே நீக்குங்கள். அசல் கடிதத்தை என் மகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். என் மனைவியின் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், அது அவருக்கு எழுதப்பட்டது. இந்த மடலுக்காக என் மகளின் மதிப்பெண்ணிலோ வருகைப் பதிவிலோ எந்த வேறுபாடும் காட்டப்படாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

கண்காட்சி அடுத்த மாதம் வேறு இரண்டு கல்லூரிகளுக்குப் போகவிருப்பதாக அறிகிறேன். போவதற்கு முன் குறிப்பட்டைகளைத் திருத்துங்கள். ரயில் விளம்பரத்தின் கீழ் புகார்களைப் பற்றியும், நாஷ் விளம்பரத்தின் கீழ் 90 சதவீத வரியைப் பற்றியும், கோகோ கோலாவின் கீழ் சர்க்கரை விலக்கைப் பற்றியும் ஒவ்வொரு வாக்கியமாவது சேருங்கள். தாம்ப்ஸனின் கடிதத்துக்கும் 442-ஆம் படைப்பிரிவுக்கும் ஒரு பலகை ஒதுக்குங்கள். விளம்பரங்களை அகற்றச் சொல்லவில்லை. அவற்றை மாணவர்கள் பார்க்க வேண்டும், முழுவதுமாகப் பார்க்க வேண்டும்.

போட்டியின் தலைப்பை மாற்றுங்கள். ஆதரவு தரும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த ஆதரவைத் திருப்பிக் கொடுங்கள். அதுவும் முடியாது என்றால், படைவீரர் ஒருவரின் கடிதத்தையோ குரலையோ படத்தையோ பயன்படுத்தும் ஒவ்வொரு மாணவரும் அந்த நபரிடமும், அவர் இல்லையென்றால் அவர் குடும்பத்திடமும், எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று சொல்லி எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியையாவது இந்த வாரத்துக்குள் சேருங்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒரு மணி நேரம் வந்து பேச நான் தயாராக இருக்கிறேன். என் மனைவி சம்மதித்தால் அந்தக் கடிதத்தை முழுவதுமாக, ஏழாவது வரிக்குப் பிறகும், நானே படித்துக் காட்டுகிறேன். படம் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. இவற்றுக்கு ஜூலை 31-க்குள் எழுத்து மூலமாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் அசல் கடிதத்தை வாங்கிக்கொள்ள ஆகஸ்ட் 1 காலையில் துறை அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் நேரில் வருவோம்.

இப்படிக்கு,
ராணுவ அஞ்சல் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்,
உங்கள் மாணவி ஒருவரின் தந்தை